எத்தனை பார் இருந்தால் போதும்? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாட்டர்ஜெட் தொழிலாளியின் பதில்கள்

2024 ஆகஸ்ட் 4, வாசகர் கேள்வி

அண்ணா, தொழிற்சாலை வேலை முடிந்த நேரத்தில், உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவித் தரும் வாட்டர்ஜெட் தொழில் தொடங்க இருக்கிறேன். தீபாவளிக்கு முன் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் நிறைய வேலை வரும் என்கிறார்கள். வீட்டு பிளக்கில் ஓடும் இயந்திரம் ஒன்று, 300 பார் அழுத்தம் என்று எழுதியது, இணையத்தில் 400 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்கிறது. பார் கூடக் கூட அழுக்கு வேகமாகப் போகும் என்பதால் அதையே வாங்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

ஆகஸ்ட் 4, இரவு

அதை வாங்க வேண்டாம், தம்பி. ஓர் இயந்திரத்தின் அழுத்தத்தைப் பாரிலும், அது நிமிடத்துக்குத் தள்ளும் தண்ணீரை லிட்டரிலும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால், தண்ணீரைத் தள்ளுவதற்கு மட்டும் எத்தனை கிலோவாட் வேண்டும் என்பது தெரிந்துவிடும். 300 பாரில் 8 லிட்டர் என்றால் 4 கிலோவாட் வருகிறது. நம் வீட்டுச் சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3 கிலோவாட்டுக்கு மேல் தராது. அதிலும் மோட்டாரும் பம்பும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். பெட்டியில் அச்சடித்த 300, தொடர்ந்து ஓடும் வேலையில், தண்ணீர் பாயும் நாசில் முனைக்கு வந்து சேராது.

அதைவிட முக்கியமான செய்தி வேறு. அழுத்தம் அழுக்கின் பிடியை உடைக்கிறது. உடைந்ததை அடித்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு கார் நிறுத்துமிடத்தைக் கழுவினால், பெயர்ந்த பாசி இரண்டடி தள்ளிப் போய்ப் படியும், நீங்கள் அதைத் துரத்திக்கொண்டே மாலைவரை நிற்பீர்கள். என்னிடம் இருப்பது 13 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், மூன்று பிஸ்டன் பம்ப், நிமிடத்துக்கு 15 லிட்டர், 200 பார். பத்தொன்பது ஆண்டு அனுபவத்தில், வீட்டு வேலைகளில் பாதிக்கு மேல் அந்த 200 பாரையும் நான் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன். 15 லிட்டர் என்பது ஏறக்குறைய 4 அமெரிக்க கேலன். ஆகவே 4ஆம் எண் நாசில் பொருத்தினால் சரியாக இருக்கும்.

ஆகஸ்ட் 6

மேலே கடைசி வரியில் தவறு செய்துவிட்டேன், அதைப் பார்த்து யாரும் நாசில் வாங்கிவிட வேண்டாம். நாசிலில் பொறித்த எண், 4000 பிஎஸ்ஐயில் (பார் போல இன்னோர் அழுத்த அலகு) அதன் வழியே எத்தனை கேலன் போகும் என்பதைக் குறிக்கிறது. 200 பார் என்பது சுமார் 2900 பிஎஸ்ஐதான். அந்த அழுத்தத்தில் 4 கேலனும் வெளியே போக வேண்டுமானால் துளை சற்றுப் பெரிதாக, 4.5 அல்லது 5ஆம் எண்ணாக இருக்க வேண்டும். 4ஆம் எண்ணைப் போட்டால் பம்ப் திணறும், மிஞ்சும் தண்ணீர், அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் அன்லோடர் வால்வு வழியே உள்ளேயே சுற்றும், எஞ்சினும் வீணாக உழைக்கும். தரையைக் கழுவும் வட்டமான சர்ஃபேஸ் கிளீனரில் இரண்டு நாசில்கள் இருப்பதால், அதற்கு ஒவ்வொன்றும் 2.5 போதும்.

ஆகஸ்ட் 11

நாசில் நிறங்களைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சிவப்பு, விரியாமல் ஊசிபோல் ஒரே கோடாகப் பாயும். மஞ்சள் 15 பாகை, பச்சை 25, வெள்ளை 40. கருப்பு, கழுவும் மருந்து தெளிக்க மட்டும். தொழிலுக்குப் புதியவர்கள் சிவப்பு நாசிலைக் கருவிப்பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஒரு பெரியவர் வீட்டு முன்வாசல் சிமெண்டில் கருத்துப்போன ஓரம் ஒன்று அசையவில்லை. பச்சையைக் கழற்றிச் சிவப்பைப் போட்டுத் தரையிலிருந்து நாலு அங்குலத்தில் பிடித்தேன். கருப்பு உடனே போனது. அதனோடு சிமெண்டின் மேல்தோலும் போய், உள்ளிருந்த மணலும் சிறுகல்லும் ஒரு கோடாகத் தெரிந்தன. மறுபடி பூசிக் கொடுத்தேன், ஆனாலும் பூச்சின் நிறம் பழைய சிமெண்டோடு ஒட்டவில்லை. மழை பெய்தால் அந்தக் கோடு மட்டும் கடைசியில் காயும். இன்றைக்கும் அந்த வீதியில் போனால் என் கண் அங்கேதான் போகிறது. பாசி மறுபடியும் வரும், மறுபடியும் கழுவலாம். போன சிமெண்ட் வராது.

ஆகஸ்ட் 12

தாமான் வீட்டின் பக்கச் சுவரில் ஆரஞ்சு நிறக் கறை, எத்தனை அடித்தாலும் முழுமையாகப் போகவில்லை என்று கோலாகங்சாரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அது துருவாக இருக்கும். ஆக்சாலிக் அமிலத்தை நீரில் கரைத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள், அம்மா.

ஆகஸ்ட் 19

அந்தச் சகோதரி அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் சொன்னது தவறு; அமிலம் வாங்கியிருந்தால் திறக்காமல் வைத்துவிடுங்கள்.

துரு என்றால் அதற்கு ஒரு பிறப்பிடம் இருக்கும். ஓர் ஆணி, சன்னல் கம்பி, ஏர்கான் தாங்கி என்று எங்கிருந்தாவது தொடங்கிக் கீழ்நோக்கி வழிந்திருக்கும். படத்திலுள்ள கறை அப்படி வழியவில்லை. வெல்வெட் துணிபோலத் திட்டுத் திட்டாக, மழைச்சாரல் படும் பக்கத்தில் மட்டும் படர்ந்திருக்கிறது. இது டிரென்டெபோலியா என்னும் பாசி. இனத்தால் பச்சைப் பாசிதான் என்றாலும், கேரட்டுக்கு நிறம் தரும் அதே வகை நிறமிகளை அது தன்னுள் சேர்த்துவைப்பதால் ஆரஞ்சாகத் தெரிகிறது. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் சுவர்களை அது விரும்பிப் பிடிக்கும்.

சந்தேகம் இருந்தால், வீட்டில் துணி வெளுக்கும் குளோரக்ஸைப் பஞ்சில் நனைத்து ஒரு மூலையில் ஒற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் நிறம் வெளுத்தால் பாசி, வெளுக்காவிட்டால் துரு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: குளோரின் பட்ட இடத்தில் நன்றாகக் கழுவாமல் எந்த அமிலத்தையும் ஊற்றக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய இடத்தில் அது உயிரைப் பறிக்கும். பூனை, புறா அசுத்தம் செய்த இடத்தையும் முதலில் வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள், ஏனெனில் அமோனியாவோடு சேர்ந்தாலும் நச்சு வாயு வரும்.

செப்டம்பர் 1

அப்படியானால் சுவரை எப்படித்தான் கழுவுவது என்று தம்பி மறுபடியும் கேட்கிறார். சுவரில் வாட்டர்ஜெட்டின் வேலை கொஞ்சம்தான். வேலையைச் செய்வது மருந்தும் நேரமும்.

இரசாயனக் கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் பெரும்பாலும் 10 முதல் 12 விழுக்காடு இருக்கும். சுவரில் போய்ப் படும்போது அது 1 விழுக்காடு இருந்தால் போதும். அதாவது ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர், ஒட்டிக்கொண்டு நிற்பதற்குச் சிறிது சோப்பு. பம்புக்குப் பின்னால் இன்ஜெக்டர் என்னும் சிறு உறிஞ்சியைப் பொருத்தி மருந்தை இழுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: அது தானாகவே ஏறக்குறைய பத்து மடங்கு நீர்த்துவிடும், ஆகவே வாளியில் மறுபடி தண்ணீர் கலந்தால் சுவருக்குப் போவது வெறும் வாசனைதான். கருப்பு நாசில் போட்டு அழுத்தம் இறங்கினால்தான் இன்ஜெக்டர் உறிஞ்சும் என்பதையும் நினைவில் வையுங்கள். மருந்து உறிஞ்சவில்லை என்று பம்பைப் பிரித்துப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். குறை நாசிலில்தான் இருந்தது.

கீழிருந்து மேலாகத் தெளித்து, காயவிடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, மேலிருந்து கீழாகக் குறைந்த அழுத்தத்தில் அலசுங்கள். மேலிருந்து தெளித்தால் காய்ந்த அழுக்கின்மேல் மருந்து கோடு கோடாக வழிந்து, அந்தக் கோடுகள் பின்னர் தனியாகத் தெரியும்.

செடிகளை முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட வேண்டும், வேலை முடிந்ததும் மறுபடியும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு கறிவேப்பிலை மரம். ஆளுயரம் வளர்ந்து, பக்கத்து நாலு வீடுகளுக்கும் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த மரம். நான் சுவரை மட்டும் பார்த்தேன், அடியில் நின்றதைப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் இலை முழுவதும் பழுத்து உதிர்ந்தது. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, கூலியையும் குறைக்கவில்லை. புதிய கன்று ஒன்றை ஈப்போவில் வாங்கிக் கொண்டுபோய் நட்டுவிட்டு வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மருந்தை வெயிலில் வைக்காதீர்கள். வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அதன் வீரியம் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும்.

செப்டம்பர் 15

தண்ணீர் பற்றி இதுவரை நான் எழுதாதது பெரிய குறை. நம் ஊர்ப்பக்கம் மாலையில் குழாய் நூலாக வருவதை எல்லாரும் அறிவோம். 15 லிட்டர் தள்ளும் பம்புக்கு 15 லிட்டர் உள்ளே வராவிட்டால் அது வெற்றிடத்தை இழுக்கும். உள்ளே நீர்க்குமிழிகள் உண்டாகி உடைந்து, சிறுகற்களைத் தகரத்தில் உருட்டுவது போன்ற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். விடாமல் ஓட்டினால் வால்வும், தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீலும் தேய்ந்துபோகும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் வீட்டுக்காரரின் குழாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 40 விநாடியில் நிறைந்தால் 15 லிட்டர் வருகிறது. என் லாரியில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்று எப்போதும் இருக்கும். குழாய் நிமிடத்துக்கு 9 லிட்டர் தந்தால்கூட, டிரம்மிலிருந்து குறைவது 6 லிட்டர்தான், அரை மணி நேரம் தடையில்லாமல் ஓடும். டிரம்மிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

இன்னொன்று. கன்னின் (தண்ணீர் பீய்ச்சும் கைப்பிடி) விசையை விட்டுவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி வீட்டுக்காரரோடு பேசி நிற்காதீர்கள். அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகி, சில நிமிடங்களில் சீலைக் கெடுத்துவிடும்.

செப்டம்பர் 22

கோவில் தரையைக் கழுவுவது பற்றி ஒருவர் கேட்டதால், என் மனத்தில் ஆழப் பதிந்த வேலை ஒன்றை எழுதுகிறேன்.

தோட்டத்து மாரியம்மன் கோவில், திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு. விளக்கு வைக்கும் மேடையைச் சுற்றிச் சிமெண்ட் தரையில் நல்லெண்ணெய் பல ஆண்டுகளாகச் சொட்டி, தேன்பாகுபோல் இறுகிக் கிடந்தது. உலர்ந்து பிசினாகிவிட்ட எண்ணெயை வெறும் தண்ணீர் தொடாது, காரம்தான் இளக்கும். ஆகவே காஸ்டிக் சோடா கலந்த எண்ணெய் நீக்கியை நீர்த்து ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் பரப்பினேன். துடைப்பம் மேடையைத் தாண்டி மஞ்சள் நீர் ஊற்றும் இடத்துக்குப் போன அந்த நொடியில், மங்கலான மஞ்சளாக இருந்த தரை என் காலடியிலிருந்து வாசற்படி வரை செக்கச் செவேலென்று மாறியது. துடைப்பத்தின் ஈர்க்குகளும் சிவந்தன. ரப்பர் பூட்ஸின் ஓரத்தில் சிவந்த நுரை ஏறி நின்றது. கோவில் தலைவர் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே போட்டார்.

தூணருகே பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் மட்டும் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆரத்தி கரைச்ச மாதிரி இருக்கேப்பா" என்றார். அவ்வளவுதான் காரணம். மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கிறது, அதைத்தான் ஆரத்தித் தட்டில் நாம் காலங்காலமாகச் செய்கிறோம். சுண்ணாம்பு காரம், என் வாளியில் இருந்ததும் காரம். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசி, வினிகரை நீர்த்து ஊற்றியதும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. கூரையில்லாத முன்பகுதியில் அந்த மஞ்சளை வெயிலே சில நாளில் வெளுத்துவிட்டது. கூரைக்குக் கீழே வெளுக்காததால், வினிகரின் சுவடு இல்லாமல் இரண்டு முறை கழுவி, மறுநாள் மிக நீர்த்த குளோரினால் எடுத்தேன்.

இனிக் கோவில் வேலை என்றால் மஞ்சள் இருக்கும் இடத்தை முதலில் சோப்பால் கழுவிவிட்டுத்தான் காரத்தை எடுப்பேன். கோபுரச் சுதைச் சிற்பங்களின்மேல் வாட்டர்ஜெட்டைக் காட்டவே மாட்டேன். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கும்பாபிஷேகத்தின்போது பூசும் வண்ணத்தை ஐந்து நிமிடத்தில் உரித்துவிடலாம். சிற்பத்தின் கை விரலும் காதோரமும் அதனோடு போய்விடும். மென்மையான தூரிகையும் குழாய்த் தண்ணீரும் போதும்.

அக்டோபர் 3

பாமாயில் தரும் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர் ஒருவர், தளத்தின் பிசுக்கு எவ்வளவு அடித்தாலும் பரவுகிறதே தவிரப் போவதில்லை என்கிறார். செம்பனை எண்ணெய் ஏறக்குறைய 33 முதல் 39 செல்சியஸ் பாகைக்குள்தான் இளகி முழுவதும் உருகும். குழாய்த் தண்ணீர் அதைவிடக் குளிர்ச்சி. நீங்கள் அடிக்க அடிக்க அது மேலும் இறுகி, தகரத்தில் மெழுகுபோல் படியும். தேவை சுடுநீர். 1950இல் ஜெர்மனியின் கார்ஷர் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் சுடுநீர் வாட்டர்ஜெட்டை உருவாக்கியது, இன்றும் கொழுப்பைக் கழுவ அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. டீசல் பர்னர் வைத்த பழைய இயந்திரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 80 பாகையில், 100 பாருக்கும் குறைவாக வைத்து, அரை மணியில் ஒரு தளத்தை முடித்துவிடுகிறேன். அந்தக் கழிவுநீரை மட்டும் சாலையோரக் கால்வாயில் விடாதீர்கள், எண்ணெய்ப் பொறி உள்ள கழுவுமிடத்தில் செய்யுங்கள்.

லாரி என்றதும் என் முதல் பதிலையும் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைத்துச் சொல்லிவிட்டேன். லாரியின் அடிச்சட்டமான சேசிஸின் அடியில் ஒட்டி, வெயிலில் செங்கல்லாகக் காய்ந்த செம்மண்ணை எந்த மருந்தும் இளக்காது. அங்கே முழு 200 பாரும், சுழலும் டர்போ நாசிலும் வேண்டும். இரும்பு அதைத் தாங்கும். ஆகவே தம்பி, கழுவப்படும் பொருள் எது, அதன்மேல் இருப்பது எது என்று பார்த்த பிறகுதான் பாரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அக்டோபர் 9

தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளின் அலை அலையான சாம்பல் நிறக் கூரை கருத்திருக்கிறது, தீபாவளிக்குக் கழுவித் தர முடியுமா என்று இரண்டு குடும்பங்கள் கேட்டன. மறுத்துவிட்டேன். பல இடங்களில் அவை அஸ்பெஸ்டஸ் கலந்த தகடுகள். வாட்டர்ஜெட் பட்டால் மேற்பரப்பு அரிந்து, கண்ணுக்குத் தெரியாத இழைகள் தண்ணீரோடு முற்றமெங்கும் சிதறும். காய்ந்ததும் காற்றில் எழும். நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். அந்த லயங்களில்தான் நானும் பிறந்தேன், அந்தக் கூரைக்குக் கீழேதான் என் தாயார் தீபாவளிக்கு முதல் வாரம் சுவரையும் கால்வாயையும் தேய்ப்பார். கூலி கிடைக்கும் என்பதற்காக அங்கே இழையைத் தூவ எனக்கு மனம் வராது. வாசல், சுவர், கால்வாய் ஆகியவற்றைக் கழுவித் தருகிறேன் என்று சொல்லி, அதைச் செய்தேன்.

அக்டோபர் 17

தீபாவளி வேலை உச்சத்தில் இருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன், ஆனால் இதை எல்லாரும் படிக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் பையன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன், ஓடிக்கொண்டிருந்த கன்னின் நாசிலில் சிக்கிய இலையை விரலால் தட்டினான். ஆள்காட்டி விரலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, ஒரு துளி இரத்தம், வலிகூட அதிகமில்லை. அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். இரவுக்குள் விரல் வீங்கிக் கருஞ்சிவப்பானது. பெரிய மருத்துவமனையில் விரலைத் திறந்து கழுவினார்கள். விரல் தப்பியது, ஆனால் இன்னும் முழுமையாக மடங்குவதில்லை. தோலைத் துளைத்த தண்ணீர் அழுக்கையும் மருந்தையும் தசைநார் வழியே வெகுதூரம் கொண்டுபோய்விடும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு அப்போதே போங்கள். "உயர் அழுத்தத் தண்ணீர் உள்ளே போய்விட்டது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள், பிளாஸ்டரோடு அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெட்ரோல் எஞ்சினை மூடிய இடத்தில் ஓட்டக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. ஹோஸ் நீளமாக இருக்கட்டும், எஞ்சின் வெளியே நிற்கட்டும்.

நவம்பர் 5

தம்பி பழைய பெட்ரோல் இயந்திரம் ஒன்றை வாங்கி, தீபாவளிக்கு முன் பதினோரு வீடுகள் கழுவிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். ஒரு சுவரும் கெடவில்லை, ஒரு செடியும் வாடவில்லை என்பதைப் படித்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். பம்பின் எண்ணெய்க் கண்ணாடியில் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருக்கிறது, இது என்ன என்று கேட்கிறார்.

எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. இரவு ஈரத்தால் சிறிது வந்திருக்கலாம். அல்லது பிஸ்டன் சீல் தேய்ந்து கசியலாம். எண்ணெயை முழுவதும் வடித்து, பம்புக்குரிய புதிய எண்ணெயை ஊற்றி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். தெளிவாகவே இருந்தால் கவலையில்லை. மறுபடி வெளுத்தால் அடுத்த வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். பம்பை இறக்கி ஞாயிற்றுக்கிழமை காலை என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். மூன்று சீலையும் சேர்த்தே மாற்றுவோம், எப்படி மாற்றுவது என்பதை அப்போது உங்கள் கையாலேயே செய்து பார்த்துக்கொள்ளலாம். பம்பின் எண் தகட்டைப் படம் எடுத்து முன்னதாக அனுப்புங்கள், சீலின் அளவைப் பார்த்து நான் வாங்கி வைத்துவிடுகிறேன்.